ஒரு கரம் உயர்ந்தது!

1652-ஆம் ஆண்டு. வார்சா நகரம். போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் மன்றம் கூடியிருக்கிறது. நாட்டிலே கலகம், எல்லையிலே பகை, கருவூலத்திலே வறட்சி. மன்றத்தின் காலமோ முடிகிறது, முடிக்க வேண்டிய வேலை முடியவில்லை. இன்னும் சில நாட்கள் கூட்டத்தை நீட்டிப்போம் என்கின்றனர். ஆம், ஆம் என்கின்றனர் அனைவரும் - ஒருவரைத் தவிர!

"ஒப்பமாட்டேன்!"

உபித்தா என்னும் வட்டாரத்திலிருந்து வந்த சிசின்ஸ்கி என்ற பிரதிநிதியின் குரல் அது. கூறினார், மன்றத்தை விட்டு வெளியேறினார். திரும்பி வருவார், மனம் மாறுவார் என்று காத்திருந்தனர். வரவில்லை. மன்றம் கலைந்தது! அத்தனை பேரின் சம்மதமும் அந்த ஒற்றை மறுப்பின் முன் செல்லாக் காசாயிற்று.

ஏன் இந்த விந்தை? அந்நாட்டு ஏற்பாடு அத்தகையது. பிரபுக்கள் அனைவரும் சமம். ஆகவே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செல்லாது. கேட்பதற்கு இனிக்கும் கோட்பாடு! சமத்துவத்தின் சிகரம் என்றே அதனைச் சீராட்டினர் அந்நாட்டுச் சீமான்கள். அந்தச் சமத்துவத்திலே பண்ணையில் பாடுபட்ட உழவனுக்குப் பங்கில்லை என்பது வேறு கதை.

விளைவு என்ன? அண்டை நாட்டு அரசர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். போலந்தை மடக்கப் பெரும் படை வேண்டியதில்லை, ஒரு பிரதிநிதியை மடக்கினாலே போதும்! பொன் பேசிற்று, மன்றம் ஊமையாயிற்று. மூன்றாம் அகஸ்டஸ் அரியணையில் இருந்த முப்பது ஆண்டுகளில், 1736-இல் கூடிய மன்றம் ஒன்றுதான் வேலையை முடித்துக் கலைந்தது. போலந்தின் இந்தச் 'சுதந்திரம்' குலையாமல் காக்க வேண்டுமென்று ரஷ்யாவும் பிரஷ்யாவும் தமக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டன. ஆட்டின் சுதந்திரத்திலே ஓநாய்க்கு எத்துணை அக்கறை! 1791 மே 3-இல் புதிய அரசியல் சட்டம் இயற்றி அந்த மறுப்புரிமையை ஒழித்தனர். காலம் கடந்துவிட்டது. 1772, 1793, 1795 - மூன்று வெட்டுக்கள். 123 ஆண்டுகள் போலந்து என்ற நாடே உலகப் படத்தில் இல்லை.

பழங்கதை எதற்கு என்பீர்கள், தோழர்களே! அந்தக் கேள்வி இன்று வேறு உடை உடுத்தி, பிரஸ்ஸல்ஸ் நகரிலே உலவுகிறது. 27 நாடுகள் கூடிய ஐரோப்பிய ஒன்றியம், வெளிநாட்டுக் கொள்கையிலே ஒருமனதாக முடிவெடுத்தாக வேண்டும். 26 கரங்கள் இசைந்து, ஒரு கரம் மறுத்தால், ஒன்றியம் பேசாது. அந்த ஒரு கரம் ஏன் மறுக்கிறது? பல வேளைகளில் அதற்கான விடை கெய்ரோவிலோ பீகிங்கிலோ மாஸ்கோவிலோ இல்லை. தம் வீட்டுக்குள்ளேயே, 'நாம் எதை நம்புகிறோம்' என்பதிலே மூண்ட சண்டையில் இருக்கிறது.

வாசலிலே ஒரு கேள்வி

1957 மார்ச் 25. ரோமாபுரியில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன: பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். சுங்கமும் சந்தையும் பேசிய ஒப்பந்தம் அது. மனித உரிமையை விளக்கமாக விவரித்த ஏடு அன்று. விவரித்திருந்தால் விழித்திருப்பார்கள்! அதே நாளில் அல்ஜீரியாவிலே பிரான்சின் துப்பாக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. காங்கோ பெல்ஜியத்தின் பிடியில் இருந்தது. அல்ஜீரியாவின் பெயர் அந்த ஒப்பந்தத்திலேயே இடம் பெற்றது, பிரான்சின் உடைமையாக!

எனினும், வெளியிலிருந்து வந்தோரை வாசலிலே நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் விரைவிலே வந்தது. மக்களாட்சி இல்லாத நாட்டுக்கு இங்கே இடமில்லை என்று, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன்னோடியான அவையிலே 1962-இல் ஓர் அறிக்கை உரைத்தது. அதே ஆண்டு கதவைத் தட்டினார் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ. கதவு திறக்கவில்லை. ஆனால் 1970-இல் அவரோடு வாணிப ஒப்பந்தம் ஏற்பட்டது. உறுப்பினராக உள்ளே வரக்கூடாது, சரக்கு மட்டும் சாளரத்தின் வழியே வரலாம்! 1967-இல் கிரீசிலே படைத் தளபதிகள் ஆட்சியைப் பறித்தபோது, அந்நாட்டோடு செய்திருந்த உறவு உடன்பாடு உறையவைக்கப்பட்டது. கொடுங்கோல் வீழ்ந்த பிறகே கிரீசு 1981-இலும், ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986-இலும் உள்ளே வந்தன.

1993-இல் கோபன்ஹேகன் நகரில் நிபந்தனைகள் எழுத்திலேறின. மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையோர் பாதுகாப்பு ஆகியவற்றை நிலைநாட்டிய நாடே உள்ளே வரலாம் என்றனர். 2009-இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம், மனித மாண்பையும் விடுதலையையும் சமத்துவத்தையும் தன் இரண்டாம் விதியிலேயே பொறித்தது.

வாசலிலே வலுவான கேள்வி, மறுக்கவில்லை. உள்ளே வந்து அமர்ந்த பிறகு ஒருவர் அந்த உறுதிமொழியை மறந்தால்?

அதற்கும் மருந்து உண்டென்றனர். அதுதான் ஏழாம் விதி. 1999-இல் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்திலே பிறந்த விதி. தவறிய நாட்டின் வாக்குரிமையையே நிறுத்திவைக்கலாம். ஆனால் அந்த நிலைக்குச் செல்லுமுன், தவறு நேர்ந்தது உண்மையே என்று மற்ற நாடுகள் அத்தனையும் ஒருமித்து உரைக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து முழுவதும் ஒருமனதாகக் கை உயர்த்தினால்தான் தீர்ப்பு. அந்தப் பஞ்சாயத்திலோ வழக்கில் சிக்கியவரின் சம்பந்தியும் வீற்றிருக்கிறார்! தீர்ப்பு வருமா?

வரவில்லை. 2010-இல் ஹங்கேரியிலே மூன்றில் இரண்டு பங்கு இடங்களுடன் ஆட்சிக்கு வந்தார் விக்டர் ஓர்பான். 2011-இல் புதிய அரசியல் சட்டம். நீதிமன்றம், பத்திரிகை, தேர்தல் முறை அனைத்திலும் ஆட்சியின் கை நீண்டது. நாங்கள் அமைப்பது தாராளவாத அரசன்று என்று 2014-இல் அவரே வெளிப்படையாக அறிவித்தார். 2015-க்குப் பின் போலந்தின் ஆட்சியாளரும் நீதிமன்றங்களின்மீது கை வைத்தனர். 2017 டிசம்பரில் போலந்தின்மீதும், 2018 செப்டம்பரில் ஹங்கேரியின்மீதும் ஏழாம் விதி ஏவப்பட்டது. ஹங்கேரிக்கு எதிராக ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 448 வாக்குகள், ஆதரவாக 197. ஆனால் போலந்தைத் தண்டிக்க விடமாட்டேன் என்றது ஹங்கேரி. ஹங்கேரியைத் தண்டிக்க விடமாட்டேன் என்றது போலந்து. அம்பு வில்லிலேயே நின்றது.

அவர்கள் வாதம் என்ன என்பதையும் கேட்டுவிடுவோம். எதிர்த்தரப்பைக் கேளாதவன் பகுத்தறிவாளன் ஆகான். "எங்களை எங்கள் மக்கள் தேர்ந்தெடுத்தனர், பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தவர் யார்? விழுமியங்களை நாங்களும் போற்றுகிறோம். நாடு, குடும்பம், கிறித்துவ மரபு - இவையே எங்கள் விழுமியங்கள்" என்றனர். தேசத்தைக் காத்ததிலே கிறித்துவத்தின் பங்கினைப் போற்றும் வாசகமும் ஹங்கேரியின் புதிய சட்டத்து முகப்பிலே ஏறிற்று. வாக்குப் பெற்றோம் என்பது உண்மைதான். ஆனால் வாக்குப் பெற்றவன், அடுத்த முறை வாக்குக் கேட்க வருபவனின் வழியை அடைக்கலாமா? வாக்குச்சீட்டு ஆட்சிக்கு அனுமதி. நீதிபதியின் நாற்காலிக்கு விலைச்சீட்டு ஆகுமா? சண்டை இங்கேதான் நிற்கிறது.

வீட்டுச் சண்டை வீதிக்கு வருகிறது

உள்ளே மூண்ட இந்தச் சண்டை வெளிநாட்டுக் கொள்கையை எப்படித் தாக்கிற்று? மூன்று வகையாக.

முதலாவது, மௌனம்.

2017 ஜூன். ஜெனீவாவில் மனித உரிமை மன்றம். சீனத்தின் மனித உரிமை நிலை குறித்து ஒன்றியத்தின் சார்பில் ஓர் அறிக்கை படிக்கப்பட வேண்டும். கிரீசு மறுத்தது, அறிக்கை வரவில்லை. பயன்தராத கண்டனம் என்று ஏதென்சு காரணம் கூறிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் பிரேயஸ் துறைமுக நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்கினைச் சீன அரசின் கப்பல் கம்பெனி வாங்கியிருந்தது. உலகம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது. ஆனால் அந்தத் துறைமுகம் ஏன் விற்கப்பட்டது? கடனிலே மூழ்கிய கிரீசை, பொதுச் சொத்துக்களை விற்றுக் கடனை அடை என்று நெருக்கியவர்கள் ஒன்றியத்தின் கூட்டாளிகளே! விற்கச் சொன்னவர்கள், விற்றவன் வாங்கியவனுக்குப் பணிந்தபோது வியந்தார்கள். தோழமை பேசும் வீட்டிலே ஒருவனை வறுமையில் விட்டால், அவன் வாயை அயலான் விலைக்கு வாங்கும் நாள் வரத்தானே செய்யும்?

2021-இல் ஹாங்காங் நிலைமை பற்றிய அறிக்கையை ஹங்கேரி தடுத்தது. அதே ஆண்டு மே மாதம், காசாவிலே குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, போர் நிறுத்தம் கோரும் வாசகத்துக்கு 26 நாடுகள் இசைந்தன, ஹங்கேரி இசையவில்லை. ஒன்றியத்தின் குரலாக வரவேண்டியது, 26 நாடுகளின் விருப்பமாகத் தேய்ந்து வந்தது.

இரண்டாவது, விலை.

மௌனத்தைக்கூட மன்னிக்கலாம், பேரத்தை எப்படி மன்னிப்பது? 2020 ஆகஸ்டு 9-இல் பெலாரஸ் நாட்டிலே தேர்தல் என்ற பெயரில் ஒரு கூத்து நடந்தது. எதிர்த்தவர் அடிபட்டனர், சிறைப்பட்டனர். தடை விதிப்போம் என்றது ஒன்றியம். துருக்கிமீதும் தடை விதித்தால்தான் சம்மதம் என்றது சைப்ரஸ். பெலாரஸ் மக்கள்மீது சைப்ரசுக்குப் பகையா? இல்லை. தன் கடலெல்லைக் குறைக்குச் செவி சாய்க்க வைக்க அந்நாட்டின் கையிலிருந்த ஒரே கருவி அந்த மறுப்பு. அக்டோபர் 2 வரை தடை தாமதித்தது. மின்ஸ்க் வீதியிலே தடியடி வாங்கியவன், மத்தியதரைக் கடலின் எல்லைத் தகராறு தீரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. ஆறாவது தடைப் பட்டியலிலே, போரை ஆதரித்துப் பேசிவந்த ரஷ்யத் திருச்சபைத் தலைவர் கிரில் பெயரும் இருந்தது. மதச் சுதந்திரம் என்று கூறி ஹங்கேரி குறுக்கே நின்றது, பெயர் நீக்கப்பட்டது. போருக்கு ஆசி கூறுவது எந்த மதத்தின் சுதந்திரமோ, நாமறியோம்!

அதே ஆண்டு டிசம்பரில், உக்ரைனுக்கு 1,800 கோடி யூரோ கடன் வழங்கும் திட்டத்தை ஹங்கேரி நிறுத்திவைத்தது. நீதித்துறைக் கேடுகளையும் ஊழலையும் காட்டி, ஹங்கேரிக்குரிய 750 கோடி யூரோவை முடக்கலாமா என்று ஒன்றியம் ஆராய்ந்துகொண்டிருந்த வேளை அது. பேரம் முடிந்தது. முடக்கப்பட்ட தொகை 630 கோடியாகக் குறைந்தது. உக்ரைன் கடனுக்கு வழி பிறந்தது.

மறு ஆண்டு, 2023 டிசம்பர் 14. உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்குவதா என்று தலைவர்கள் கூடினர். அதற்கு முந்தின நாள், ஹங்கேரிக்கு முடக்கிவைத்திருந்த நிதியிலே 1,020 கோடி யூரோவை ஒன்றியத்தின் ஆணையம் விடுவித்தது. நீதித்துறையிலே திருத்தம் செய்துவிட்டார்கள், ஆகவே விடுவித்தோம் என்றது ஆணையம். கூட்டத்திலே, முடிவெடுக்கும் நேரம் வந்தபோது ஓர்பான் அறையைவிட்டு வெளியே சென்றார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தனர்! அன்று வார்சாவிலே ஒருவர் வெளியேறியதும் மன்றம் கலைந்தது. இன்று பிரஸ்ஸல்சிலே ஒருவர் வெளியேறினால்தான் மன்றம் நடக்கிறது! நிதியை விடுவித்தது முறையன்று என்று ஐரோப்பிய நாடாளுமன்றமே தன் ஆணையத்தின்மீது 2024 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். நீதிமன்றத்தின் உரிமையைக் காக்கவே நிதி முடக்கப்பட்டது. நிதியை மீட்கவோ, வெளிநாட்டுக் கொள்கையிலே மறுப்பு. மறுப்பை நீக்கவோ, நிதி. உள்நாட்டு அறம் வெளிநாட்டுக் கொள்கைக்கு விலையாயிற்று. வெளிநாட்டுக் கொள்கை உள்நாட்டு அறத்துக்கு விலையாயிற்று. இரண்டுமே தேய்ந்தன.

மூன்றாவது, ஏளனம்.

2023 அக்டோபர் 27. காசாவிலே மனிதாபிமானப் போர் ஓய்வு வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலே தீர்மானம். ஒன்றியத்தின் 27 நாடுகளில் ஆதரித்தவை 8; எதிர்த்தவை 4; வாக்களிக்காமல் ஒதுங்கியவை 15. உக்ரைனிலே சிந்திய இரத்தத்துக்கு ஒருமித்துக் கண்ணீர் வடித்தவர்கள், காசாவிலே சிந்திய இரத்தத்தின் முன் மூன்று கூறாயினர். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் கேட்டன: "உங்கள் விழுமியம் முகத்தைப் பார்த்துப் பேசுமா?" விடை சொல்ல ஒருவருக்கும் வாய் எழவில்லை. இந்த ஏளனத்துக்கு ஹங்கேரியை மட்டும் குற்றம் சாட்டித் தப்ப முடியாது. ஒதுங்கி நின்றவற்றிலே ஜெர்மனியும் இத்தாலியும் இருந்தன.

மறுப்புரிமையை ஒழித்துவிட்டால்?

"ஒழித்துவிடுவோம் இந்த வீட்டோவை! பெரும்பான்மைப்படி முடிவெடுப்போம்!" என்று எழும் குரல் நியாயமானது போலத் தோன்றுகிறது. ஆனால் அவசரம் வேண்டா.

மால்டா என்றொரு தீவு நாடு. மக்கள் தொகை சுமார் 5 லட்சம். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட ஜெர்மானியர் எதிரே அந்தத் தீவுக்குள்ள கேடயம் எது? அந்த மறுப்புரிமைதான். சின்னஞ்சிறு நாட்டின் சொல்லுக்கு மதிப்பில்லாத கூட்டணி, கூட்டணியாகாது. அது பெரியவர்களின் ஊர்வலம். அதே வேளையில், இந்தக் கேடயத்தைச் சிறியவர் மட்டுமே ஏந்தினர் என்பதும் பொய். 1965-இல் பெரும்பான்மை வாக்கு முறை வரவிருந்தபோது, தன் நாற்காலியைக் காலியாக விட்டு ஏழு மாதம் முரண்டு பிடித்தது பிரான்சு! 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் கண்ட சமரசத்தின்படி, ஒரு நாட்டின் உயிர்நலம் என்று சொல்லப்பட்டால் எல்லாரும் இசையும்வரை பேசுவது என்றாயிற்று.

2003-ஐயும் நினைவில் கொள்வோம். ஈராக்கின்மீது படையெடுக்க அமெரிக்கா துடித்த நேரம். பிரான்சும் ஜெர்மனியும் எதிர்த்தன. பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல், டென்மார்க் நாட்டுத் தலைவர்களும், அன்று வாசலில் நின்ற போலந்து, ஹங்கேரி, செக் நாட்டுத் தலைவர்களும் அமெரிக்காவை ஆதரித்து மடல் வெளியிட்டனர். அன்று பெரும்பான்மையே சட்டமாக இருந்து, அந்தப் பெரும்பான்மை போரின் பக்கம் சாய்ந்திருந்தால், போர் வேண்டா என்று தெருவில் திரண்ட மக்களின் நாடுகளும் அந்தப் பழியைச் சுமந்திருக்கும். பெரும்பான்மை என்பது நியாயத்தின் மறுபெயரன்று.

ஆகவே மூன்றாம் வழியொன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: நான் சேரமாட்டேன், நீங்கள் செய்வதைத் தடுக்கவும் மாட்டேன் என்று விலகி நிற்கும் வழி. 2022-இல் உக்ரைனுக்கு ஆயுத உதவி என்றபோது, நடுநிலை பேணும் ஆஸ்திரியா, அயர்லாந்து, மால்டா ஆகியவை அந்த வழியையே நாடின. கொள்கை காத்தன, கூட்டையும் காத்தன. மறுப்புக்கும் மரியாதைக்கும் இடையே இடமுண்டு என்பதற்கு இது சான்று.

இன்னொரு வழியும் கண்டனர். முடக்கிய ரஷ்யச் சொத்துக்களின்மீதான தடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில், அவசரகால விதியொன்றைப் பற்றி, பெரும்பான்மை வாக்காலேயே அதனைக் காலவரையின்றி நீட்டித்தனர். ஹங்கேரியும் சுலோவாக்கியாவும் எதிர்த்தன. பயன் கிட்டியது. ஆனால் சட்டத்தின் ஆட்சியைப் போதிப்பவர், சட்டத்தைச் சுற்றி வளைக்கும் கலையிலே தேர்ந்துவிட்டால், நாளை எந்த முகத்தோடு போதிப்பர்? அவசரத்துக்கு ஏறிக் குதித்த சுவரே நாளடைவில் வழியாகிவிடும்.

பூட்டும் சாவியும்

அப்படியானால் திறவுகோல் எங்கே? மீண்டும் போலந்துக்கே வருவோம்.

ஏழாம் விதி செய்யாததை, ஆறு ஆண்டு ஆணையத்தின் அறிக்கைகள் செய்யாததை, 2023 அக்டோபர் 15-இல் போலந்து மக்கள் செய்தனர். வாக்களித்தோர் ஏறத்தாழ 74 விழுக்காடு. 1989-க்குப் பின் அந்நாடு காணாத அளவு. ஆட்சி மாறிற்று, டிசம்பரில் டொனால்ட் டஸ்க் தலைமை அமைச்சரானார். 2024 மே மாதம் போலந்தின்மீதிருந்த ஏழாம் விதி நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. நிதி முடக்கமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் துணை நின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் விழுமியத்தை மீட்டது, அதனைத் தன்னுடையது என்று உணர்ந்த குடிமகனின் விரல்.

இதுதான் இந்த வரலாறு தரும் பாடம். விழுமியம் என்பது வாசலிலே ஒருநாள் ஒப்புவிக்கும் மந்திரமானால், உள்ளே சென்றதும் அது மறக்கப்படும். மறந்தவனைக் கேட்க ஆளிருக்காது. கேட்க ஆளில்லாத வீடு, அயலானுக்கு அறிவுரை கூறத் தொடங்கினால் தெரு சிரிக்கும். வெளியே ஒரே குரலிலே பேச விரும்புவோர், உள்ளே நாள்தோறும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கத் துணிய வேண்டும். அந்தக் கேள்வி சிறியவனை மட்டும் நோக்கிப் பாயாமல், பெரியவனையும் நோக்கிப் பாய வேண்டும். பிரேயஸ் துறைமுகத்தை விற்கச் சொன்னவனையும், காசாவின் முன் ஒதுங்கி நின்றவனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சடங்காகிப் போன கொள்கை எந்தக் கோயிலில் இருந்தாலும், எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும், பகுத்தறிவின் கண்ணுக்கு ஒன்றே.

அன்று வார்சாவிலே ஒரு கரம் உயர்ந்தது. மன்றம் கலைந்தது, நாடே மறைந்தது. 2023-இல் அதே மண்ணிலே இரண்டு கோடிக்கு மேற்பட்ட கரங்கள் வாக்குப் பெட்டியை நோக்கி நீண்டன. அன்று உயர்ந்த கரத்துக்குரியவன் பிரபு. இன்று நீண்ட கரங்களிலே, அன்று மன்றத்தில் இடமில்லாதிருந்த உழவனின் பேரப்பிள்ளைகளின் கரங்களும் இருந்தன!